சாரத்தில் இருக்கும் அப்பா

சனிக்கிழமை சாயங்காலமானால் என் செல்போன் ஒரு தடவை அதிரும். ‘உங்கள் மகள் கோமதி புதிய பதிவு ஒன்றை இட்டிருக்கிறார்’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்திருக்கும். அந்தக் கோமதி அப்போது எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை மனதில் என்ன ஓடுகிறது என்று எங்கேயோ சுற்றி வரும் ஒரு செய்தியைத் திறந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓசூருக்கு வந்து பதினைந்து வருடத்தில் எத்தனையோ விநோதங்கள் பழகிவிட்டன. இது மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் படித்தபோது கட்டுரை நோட்டு என்று ஒன்று இருந்தது. வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தருவார், அதோடு அதன் கதை முடிந்தது. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு பதிவு. முளைக்காமல் போன பயறு, வெடித்துப்போன பலூன் என்று சொதப்பிய சோதனைக்கும் படம் உண்டு. வருடக் கடைசியில் தனக்குப் பிடித்த மூன்று பதிவுகளை எடுத்து ‘என் தொகுப்பு’ என்று பெற்றோர் முன்னால் திரையில் காட்ட வேண்டும். இதையெல்லாம் நடத்துகிறவர் தமிழாசிரியை மஞ்சுளா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் கன்னடம், வகுப்பில் தமிழ். அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. தப்பை அழிக்கக் கூடாது. அதற்குக் கீழேயே திருத்தம் எழுத வேண்டும்.

எனக்கோ தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. உதிரிபாகக் கம்பெனியில் என் வேலையே அதுதான். வார்த்து வரும் பாகங்களில் கீறல் இருக்கிறதா, துளை சரியா என்று பார்த்து ஒதுக்கித் தள்ளுவது. அதே கண்ணோடுதான் ஜூலையில் ஒரு நாள் கோமதி எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். ‘வாரம் முழுக்க அப்பா அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை லுங்கியில் இருக்கும்போதுதான் பாட்டுப் பாடுவார். லுங்கியில் இருக்கும் அப்பாவைத்தான் எனக்குப் பிடிக்கும்’ என்று இருந்தது. சந்தோஷப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் கண்ணுக்குப் பட்டது லுங்கிதான்.

“ஏட்டி, லுங்கின்னு எதுக்கு எழுதுத? நம்ம ஊர்ல சாரம்னுல்லா சொல்லுவோம். மாத்து.”

“மிஸ்ஸுக்குப் புரியாதுப்பா.”

“தமிழ் மிஸ்ஸுக்குத் தமிழ் புரியாதா?”

மாற்றினாள். லுங்கி இருந்த இடத்திலெல்லாம் சாரம் வந்தது.

அந்தச் சொல் இங்கே புரியாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஓசூருக்கு வந்த முதல் வாரமே ஒரு துணிக்கடையில் பட்டிருக்கிறேன். “பாய், ஒரு சாரம் குடுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடறவங்க மூணு கடை தள்ளி இருக்காங்க” என்றார். நானும் மூன்று கடை தள்ளிப் போனேன். அங்கே சவுக்குக் கம்பும் இரும்புக் குழாயும் மலையாகக் குவிந்து கிடந்தன. கட்டடம் கட்ட ஏறி நிற்கும் சாரம். அன்றிலிருந்து வெளியே லுங்கி, வீட்டுக்குள் சாரம் என்று பிரித்துக்கொண்டேன். வீட்டுக்குள் வைத்திருந்ததை மகளின் பதிவில் ஏற்றிவிட்டதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. என் ஊர் அவள் பக்கத்தில் ஒரு சொல்லாகவாவது இருக்கிறதே என்று.

பின்னூட்டங்கள் மாணவர் கணக்கில் நுழைந்தால்தான் தெரியும். அதனால் அந்தப் பதிவுக்குக் கீழே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கோமதி பள்ளி மாறி வந்த வருடம் அது. முதல் ஒரு மாதம் சாப்பாட்டு டப்பாவை முக்கால்வாசி அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கூட உட்கார யாரும் இல்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜூலை முடிவதற்குள் டப்பா காலியாக வரத் தொடங்கியது. பவித்ரா என்று ஒரு பெண் சிநேகிதியாகிவிட்டாள் என்றாள். நல்லது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மார்ச்சில் தொகுப்பு காட்டும் நாள் வந்தது. வகுப்பு வாசலிலேயே மஞ்சுளா டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கோமதி அப்பாங்களா? வாங்க சார். இப்ப எந்த சைட்டுங்க?”

இந்தப் பக்கம் சைட்டு என்றால் வீட்டு மனை. “நமக்கு ஏது டீச்சர் சைட்டு, வாடகை வீடுதான்” என்றேன். அவர் குழம்பிப்போய்ச் சிரித்தார். “பெல்ட்டு போடாம மட்டும் மேல ஏறாதீங்க சார். அதுவும் பாட்டுப் பாடிக்கிட்டு” என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அதற்குள் இன்னொருவர் வந்து என் கையைப் பிடித்தார். பவித்ராவின் அப்பா முனிரத்னம். “நீங்களும் சாரத்துலதானாமேணா. எம்பொண்ணு சொல்லிக்கினே இருப்பா. நான் சூளகிரி பக்கம், கம்பெனி ஷெட்டு கட்டற வேலைல இருக்கறேன்.”

திரையில் கோமதியின் பதிவு நின்றது. கீழே பின்னூட்டங்கள். ஞாயிற்றுக்கிழமையும் உயரத்தில் வேலையா என்று டீச்சர் கேட்டிருந்தார். அதற்கும் கீழே பவித்ரா எழுதியிருந்தாள்: ‘எங்கப்பாவும் சாரத்துலதான். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் பயத்துல வாசல்லயே நிப்பேன். உனக்கும் அப்படியா? நாளைக்கு என்கூடச் சாப்பிட வா.’

கோமதி என்னைப் பார்த்தாள். அவள் ஏன் இத்தனை மாதம் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆமாம் என்று தலையாட்டிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மனிதரின் கை என் கையில் இருந்தது. காய்ப்பு காய்த்த கை. என்னால் முடியவில்லை.

“நான் கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேங்க. எங்க ஊர்ல சாரம்னா லுங்கி. பிள்ள லுங்கின்னுதான் எழுதுனா. நாந்தான் மாத்தச் சொன்னேன். தப்பு எம்மேலதான்.”

முனிரத்னம்தான் முதலில் சிரித்தார். “அப்ப நான் டெய்லி ரெண்டு சாரத்துலயும் இருக்கறேணா. லுங்கி கட்டிக்கினுதானே ஏறறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். பவித்ரா சிரிக்கவில்லை.

“அப்ப நீ பயப்படவே இல்லயா?” என்று கோமதியைக் கேட்டாள்.

“மொதல்ல இல்ல. அப்புறம் உங்கப்பாவ நெனச்சு பயந்தேன்.”

பவித்ரா தன் அப்பா பக்கம் போய் நின்றுகொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோமதி எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டப்பா பாதிச் சோற்றோடு திரும்பியது. அந்தப் பாதிச் சோற்றைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை காலியாக வந்தது. என்ன ஏது என்று கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

சனிக்கிழமை செல்போன் அதிர்ந்தது. கோமதி ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சாரத்தில் இருந்தேன். திறந்து பார்த்தேன். பழைய பதிவு அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு படம். சாரத்தின் மேல், லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் பெல்ட்டோடு முனிரத்னம் நின்றுகொண்டிருந்தார். ‘படம்: பவித்ரா’ என்று போட்டிருந்தது. கூடவே கோமதி எழுதிய இரண்டு வரி.

‘திருத்தம்: எங்கள் அப்பாவின் ஊரில் சாரம் என்றால் லுங்கி. எங்கள் ஊரில் சாரம் என்றால் இது.’

எங்கள் அப்பாவின் ஊர். எங்கள் ஊர். ஒதுக்கித் தள்ளப் பழகிய கண்ணால் மூன்று நான்கு தடவை படித்தேன். மாற்றச் சொல்ல அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

“சரியா இருக்காப்பா?” என்று தலை நிமிராமலே கேட்டாள்.

“சரியாத்தான்ட்டி இருக்கு” என்றேன்.