சுழி என்று சொல்லும்வரை

செலின் ஒரு நாளும் பந்தயம் கட்டியவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் இப்போது ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள், கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

யாங்கூன் நகரத்துத் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் அவளும் அவள் அப்பா சூசைராஜும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் என் மளிகைக் கடை. செலின் பாலர் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளின் அம்மாக்கள் பர்மிய வழக்கப்படி "சயாமா, சயாமா" என்று அவள் பின்னாலேயே வருவார்கள். காலையில் முட்டை வாங்குவாள், சாயங்காலம் காசு கொடுப்பாள். கல்யாணம் எப்போது என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசிப்பது அவள்தான். நான் கும்பிடுவது மாரியம்மனை. இருந்தாலும் அவள் வாசிப்பதைக் கேட்பதற்காகவே இரண்டு மூன்று முறை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசினால் பாதிக்குப் பாதி பர்மியம் வந்து விழும். செலின் வாயில் ழகரம் ழகரமாகவே இருக்கும்.

அதற்குக் காரணம் சூசைராஜ் மாமா. துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புச் செவி. அவர் முன்னால் யாரும் சைபர் என்று சொல்லிவிடக் கூடாது.

"அது கடன் வாங்குன வார்த்தை. நம்மளுக்குச் சுழின்னு சொந்தமா ஒண்ணு இருக்குது" என்பார்.

செல்போன் நம்பர் சொன்னால்கூட "சுழி ஒன்பது" என்றுதான் ஆரம்பிப்பார். எழுதிக்கொள்கிற பையன் திருதிருவென்று முழிப்பான். சுழி என்றால் ஆற்றில் ஆளை இழுக்கிறதும் அதுதானே மாமா என்று நான் சீண்டுவேன். தலையில் இருக்கிறதும் அதுதான், அது சரியில்லாமல்தான் உன் கடைக்கு வருகிறேன் என்று திருப்பிக் கொடுப்பார்.

போன மழைக்காலத்தில் பாலர் பள்ளிச் சம்பளம் அரிசிக்கே பற்றாமல் போனது. அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு ஃபிளாட்டில், நல்ல தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கோ லின் என்று ஒரு மேனேஜர். பெயர்ப்பலகை கிடையாது, ஜன்னலில் எப்போதும் திரை. உள்ளே பத்துப் பதினைந்து பேர் கம்ப்யூட்டர் முன்னால். சுற்றுகிற சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டி, போனில் ஆடுகிற ரூலெட் சூதாட்டம், ஆடுகிறவர்கள் தமிழ்நாட்டு ஆட்கள். அவர்களோடு எழுதியும் பேசியும் ஆட்டத்தில் நிறுத்திவைப்பது செலினுக்கு வேலை.

ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம், அது என்னதான் ஆட்டம் என்று கேட்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி ராஜ்மாவையும் கறுப்பு உளுந்தையும் அள்ளி மேசைமேல் பரப்பினாள்.

"பதினெட்டுச் சிவப்பு, பதினெட்டுக் கறுப்பு. ஒரு ஆளு சிவப்புல வைக்கிறான். தோத்தா ரெண்டு மடங்கு வைக்கிறான். அதுவும் போனா நாலு மடங்கு. என்னைக்காவது சிவப்பு வந்துதானே ஆவணும், வந்தா போனது பூரா திரும்பிரும்னு கணக்கு."

"சரியான கணக்குதானே?"

"அப்புடித்தான்க்கா எல்லாரும் நெனைக்கிறாங்க. கறுப்பே வரிசையா வந்தா கையில காசு தீந்துபோயிரும். தீராட்டியும் இதுக்கு மேல வைக்கக்கூடாதுன்னு டேபிள்ல வரம்பு இருக்குது. அந்த வரம்பு ஆடுறவனுக்குத்தான், கம்பெனிக்கு இல்ல." ஒரு பச்சைப் பட்டாணியை எடுத்து நடுவில் வைத்தாள். "இது சுழி. இது விழுந்தா சிவப்புக்காரனுக்கும் போச்சு, கறுப்புக்காரனுக்கும் போச்சு. புத்திசாலித்தனமா ரெண்டுலயும் வச்சாலும் ரெண்டும் போச்சு. எந்த முறையில ஆடுனாலும் முப்பத்தேழுல இந்த ஒண்ணு கம்பெனி பக்கந்தான். கம்பெனி சோறு திங்கிறதே இந்த ஒத்தப் பட்டாணியிலதான்."

"அதை அவனுங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானேடி?"

அவள் பயறுகளைப் பிரித்துப் பிரித்து அந்தந்த டப்பாவில் போட்டாள். "அவங்க என்னைய அக்கான்னு கூப்பிடுறாங்க. நான் பேசுனா பழைய காலத்துத் தமிழ் மாதிரி இருக்குதாம், நம்பலாம்னு தோணுதாம். இன்னும் ஒரு தடவை ரெண்டு மடங்கு வச்சுப் பாருங்கன்னு சொல்றதுதான்க்கா என் வேலை."

எனக்கு அருவருப்பாக இருந்தது. கோயிலில் வாசிக்கிற வாயால் இதைச் செய்கிறாயே என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. முட்டைக்குக் காசை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகுதான் எல்லைப் பக்கத்துப் பேச்சு ஆரம்பித்தது. தாய்லாந்து எல்லையோரம் கம்பெனிக்கு ஒரு பெரிய கட்டடம் இருக்கிறதாம். அங்கே கேமரா முன்னால் நின்று தமிழில் பேசிச் சக்கரம் சுற்றப் பெண் வேண்டுமாம். செலின் மாட்டேன் என்றாள். கோ லின் சம்பளத்தை இரண்டு மடங்கு ஆக்கினான். மறுபடி மாட்டேன் என்றாள். மறுபடி இரண்டு மடங்கு. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், அடுத்த வருஷத்து வாடகை முழுவதையும் ஒரே தவணையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். யாங்கூனில் எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பதுதான், ஆனால் தொகை ஏறிக்கிடந்தது. கோ லின் காதுக்கு அது எப்படிப் போனதோ, அதே தொகையை முன்பணமாகக் கொண்டுவந்து நீட்டினான்.

தோற்கத் தோற்க இரட்டித்து வைத்தது கம்பெனிக்காரர்கள். வரம்பு இல்லாதவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு ஒரே ஒரு தடவை ஜெயித்தால் போதும். பட்டாணி வைத்துப் பாடம் எடுத்தவளுக்கு இது எப்படிப் புரியாமல் போனது என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. புரிந்துகொண்டுதான் போனாளோ என்னவோ, கண் தெரியாத அப்பனைத் தெருவில் நிறுத்த முடியுமா?

பஸ்ஸுக்குப் போகிற அன்று சாவியை என்னிடம் கொடுத்தாள். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஊரே பேசுகிறது, நீ மாட்டிக்கொண்டால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன்.

"யாபாதேக்கா, ஒண்ணும் ஆவாது" என்று பர்மியத்திலும் தமிழிலுமாகச் சமாதானம் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அங்க இருக்கிற முதலாளிங்களுக்குத் தமிழ் தெரியாது. பச்சை விழுறப்ப நான் சுழின்னு சொன்னா நல்லா இருக்கேன்னு வச்சுக்குங்க. சைபர்னு சொன்னா மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம்" என்றாள்.

"சொன்னா? நான் என்னடி பண்ணுவேன்?"

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

முதலில் வாராவாரம் பேசினாள். சாப்பாடு பரவாயில்லை என்பாள், வெளியே விடமாட்டார்கள் என்பாள், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி சட்டென்று வைத்துவிடுவாள். பிறகு பேச்சு நின்றது. நான் அடித்தால் நம்பர் இல்லை என்று வந்தது. பக்கத்துத் தெரு ஃபிளாட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது, திரையைக்கூடக் காணோம். போலீஸில் சொன்னேன். தன் காலால் நடந்து போனவளுக்கு என்ன புகார் எழுதுவது என்று கேட்டார்கள்.

மிச்சம் இருந்தது அந்த ஆட்டம் மட்டும்தான். வி.பி.என். போட்டு, போனில் அந்தச் சனியனை இறக்கினேன். சாயங்காலத்தில் "மீ லாப்பி!" என்று தெரு முழுக்கக் கத்துவார்கள், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போவேன். சூசைராஜ் மாமா தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். மகள் ஏதோ லாட்டரி நம்பர் வாசிக்கிறாள் என்று அவர் நினைப்பு. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

செலின் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. முதல் நாள் மாமா அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலைந்து சுற்றுக்குள் திரை அணைந்துவிட்டது. ஆடாமல் வேடிக்கை பார்க்கிறவர்களை அது வெளியே தள்ளிவிடுமாம். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் காசு வைத்தே ஆக வேண்டும்.

அதனால் வைத்தேன். சூதாட்டக்காரனுக்குக் கடையில் சிகரெட்டுகூடக் கடன் கொடுக்காதவள், சிவப்பில் சின்னதாக ஒன்று, கறுப்பில் அதே அளவு ஒன்று என்று வைத்தேன். சிவப்பு வந்தால் கறுப்பில் போனது திரும்பும், கறுப்பு வந்தால் சிவப்பில் போனது திரும்பும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, அவள் முகம் மட்டும் மிச்சம். ஆனால் எனக்கு வேண்டியது சிவப்போ கறுப்போ இல்லை. பச்சை விழுந்தால்தான் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும். பச்சை விழுந்தால் நான் வைத்த இரண்டும் போகும்.

உலகத்திலேயே தோற்பதற்காக வேண்டிக்கொண்டு ஆடியவள் நானாகத்தான் இருப்பேன். பந்து ஓடும்போது மாரியம்மாவைக் கூப்பிடுவேன், பச்சை விழட்டும், சுழி என்று சொல்லட்டும். விழும். "பச்சை, சுழி" என்பாள் செலின், ழகரம் கொஞ்சமும் பிசகாமல். காசு போகும். எனக்கு மூச்சு வரும். "இந்த வார்த்தை எம் மகளைத் தவிர ஒருத்தி வாயில வருமா?" என்று மாமா தொடையில் தட்டிக்கொள்வார். ஒவ்வொரு சுழிக்கும் இப்படிக் கப்பம் கட்டினேன், அரிசி விற்ற காசு அந்த ஒற்றைப் பட்டாணிக்குள் போனது.

முந்தாநாள் நல்ல மழை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் மேலே போனேன். செலின் சிரித்தாள், ஆனால் இடது கையை மேசைக்கு மேலே எடுக்கவே இல்லை. ஒரு கையாலேயே சக்கரத்தைச் சுற்றினாள், அதே கையாலேயே பந்தைப் போட்டாள். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. சிவப்பு வந்தது, சிவப்பு வந்தது, கறுப்பு வந்தது. பிறகு பந்து குதித்துக் குதித்துப் போய்ப் பச்சையில் உட்கார்ந்தது.

அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"பச்சை. சைபர்" என்றாள். ஒரு தடவை சொன்னால் போதும். இன்னொரு தடவையும் சொன்னாள், "சைபர்."

சூசைராஜ் மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. "கேட்டியா கமலாட்சி? ரெண்டு தடவை சொல்றா. நான் உசுரக் குடுத்துச் சொல்லிக் குடுத்த தமிழு, ஊரு மாறுனதும் மறந்துபோச்சு பாத்தியா. வரட்டும், காதைத் திருகுறேன்."

"ஆமா மாமா, வரட்டும்" என்றேன்.

அடுத்த சுற்றுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வைக்காவிட்டால் திரை அணைந்துவிடும். சிவப்பில் ஒன்றும் கறுப்பில் ஒன்றும் வைத்தேன்.