ஊர்வலம் முடியும்வரை பேட்டரி நிற்கணும்

பிரிக்ஃபீல்ட்ஸில் போனும் ஸ்மார்ட் வாட்சும் ரிப்பேர் பார்க்கும் கடை என்னுடையது, எந்த வாட்ச் வந்தாலும் முதல் புகார், “அக்கா, பேட்டரி நிக்க மாட்டேங்குது.” தினமும் சார்ஜரைத் தேடி அலைகிற சக பாவிகளே, பேட்டரியைத் திட்டாதீர்கள், பாவம், பெரும்பாலும் அது ஒரு தப்பும் செய்திருக்காது.

மணிக்கட்டில் மொத்தக் குடும்பம்

பங்சாரிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். மத்தியானத்துக்குள் வாட்ச் செத்துவிடுகிறதாம், புது பேட்டரி வேண்டுமாம். பேசும்போதே வாட்ச் கையில் துடிதுடியென்று துடித்தது. காலை வணக்கம், பூப்படம், பிறந்தநாள் கேக் என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்பும் அங்கே வந்து இறங்குகிறது. “பேட்டரி வேணாம் அங்கிள், நோட்டிஃபிகேஷன நிறுத்தினா போதும்” என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாத்தையும் நிறுத்து லா, மச்சான்மாரு குரூப்ப மட்டும் விட்டுரு. சண்ட அங்கதான் நடக்குது.”

அடிக்கு ஒரு வெளிச்சம்

சேகர் அண்ணன் கிள்ளானில் உறுமி மேளம் அடிப்பவர். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. டாக்டர் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார், மனைவி தேவிதான் பயப்படுகிறாள். அவர் நாடித்துடிப்பு வாட்சிலிருந்து தன் போனுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. கோயில் திருவிழாவில் ஊர்வலம் பாதி வழி போவதற்குள் வாட்ச் அணைந்துவிடும். இவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடுவாள். திருவிழா நெருங்கும்போது இருவரும் கடைக்கு வந்தார்கள். “இந்த வாட்டியும் செத்துச்சுன்னா உறுமியத் தொடவே விடமாட்டேன்” என்றாள். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

“இங்கயே அடிச்சுக் காட்டுங்கண்ணே” என்றேன். மேசையில் குச்சியால் தாளம் போட்டார். அட! கை உயரும்போதெல்லாம் திரை பளிச்சென்று எரிகிறது. போதாததற்கு, மனுஷன் உடற்பயிற்சி செய்கிறார் என்று தானே முடிவுகட்டி ஜிபிஎஸ்ஸையும் போட்டுக்கொள்கிறது! கை தூக்கினால் எரிவதை நிறுத்தினேன். பயிற்சியைத் தானாகக் கண்டுபிடிக்கிற அதிகப்பிரசங்கித்தனத்தையும் நிறுத்தினேன். நாடித்துடிப்பில் மட்டும் கை வைக்கவில்லை. “இனி நிக்கும், போய் அடிங்க” என்றேன். தேவி அசரவில்லை: “நின்னாத்தான் நம்புவேன்க்கா.”

திருவிழாவுக்கு மறுநாள்

கடை திறக்கும்போதே தேவி லட்டு டப்பாவோடு நின்றாள். ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பிய பிறகும் பேட்டரி பாதிக்கு மேல் மிச்சமாம். அண்ணனுக்கு அடுத்த வருஷத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்: “எப்பவும் கூட்டத்துல இவரையேதான் தேடிக்கிட்டு இருப்பேன்க்கா. நேத்துத்தான் சாமியக் கண்ணாரப் பாத்தேன்.”

ஆகவே மக்களே, வாட்சில் எதையெல்லாம் அணைக்கலாம் என்று நான் சொல்கிறேன், எதை அணைக்கவே கூடாது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.