மாத்திரைக்கு ஒரு மடக்கு கோலா

பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை என் மகளின் வயிற்றையும் பொசுக்கிவிடும் என்று மனதார நம்பினேன். பிறவியிலேயே சளி கெட்டிப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அவளுக்கு. அப்போது நுரையீரலில் பூஞ்சை வேறு. டாக்டரைக் கேட்காமல், ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால் அசிடிட்டி மருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மாதமாகியும் இருமல் குறையவில்லை. பயத்தில் அவளைவிட நான்தான் அதிகமாக மூச்சு வாங்கினேன்.

அடுத்த மாத மாத்திரைக்கு முதல்முறையாகப் போன பிரேசர் டவுன் மருந்துக்கடைக்காரருக்கு ஒரு பழக்கம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "எதோட முழுங்கறீங்க?" என்று கேட்காமல் எந்த மாத்திரையையும் தரமாட்டார். அசிடிட்டி மருந்தோடு என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"அய்யோ சார், வயித்துல புளிப்பு இருந்தாத்தான் இந்த மாத்திரை கரையும். அடுப்பை அணைச்சுட்டு சாதம் வேகலைன்னு அழறீங்களே! சாப்பாட்டோட, கோலா ஊத்திக் குடுங்க. டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"வீட்டுல கோலாவுக்குத் தடை போட்டதே நான்தான்!"

"அப்போ தடையையும் நீங்களே எடுத்துடுங்க, சாமி."

டாக்டரும் ஆமாம் என்றார். மகள் ஒவ்வொரு மடக்குக்கும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரிடமும் கேள்வி கேட்ட அந்த மருந்துக்கடைக்காரரிடம் நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் கலைந்திருந்தது. அன்று எங்கள் வீட்டின் இரண்டு மாடிப் படிகளையும் அவள் நிற்காமல் ஏறினாள். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.