காதுகுத்துக்கு வந்த உலகப்போர்

பத்தாம் வகுப்புக்கு முதல் உலகப்போரின் காரணங்களை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். கூட்டணி, ஆயுதப் போட்டி, வறட்டுக் கௌரவம் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். ஓர் இளவரசனைச் சுட்டதற்கு ஐரோப்பாவே ஏன் அடித்துக்கொண்டது என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் மழுப்பிவிடுவேன். என் மகளின் காதுகுத்து வந்தபோதுதான் எனக்கே விளங்கியது.

பேரையூர் பக்கம் குலசாமி கோயிலில் ஞாயிற்றுக்கிழமை விசேஷம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மாமன், என் தம்பி, வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வியாழக்கிழமை அங்கே ஏவுகணைகள் பறந்தன, விமானங்களை நிறுத்திவிட்டார்கள். உலகப்போர் வரப்போகிறது என்று டிவியில் அலறினார்கள்.

எங்கள் வீட்டில் அது வந்தேவிட்டது.

"தேதிய மாத்த முடியாது. ஒங்க பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார் மாமியார். "கூடப்பொறந்த மாமன் இருக்கயில அடுத்தவன் மடி எதுக்கு?" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். திருமங்கலத்து உறவெல்லாம் அம்மா பக்கம், ஆனையூர் உறவெல்லாம் மாமியார் பக்கம். காதுகுத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூடப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு என் தம்பி உயிரோடு வந்தால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. "அக்கா, பஸ் ஏறிப் பக்கத்து நாட்டுக்கு வந்துட்டேன். கொழும்பு வழியா டிக்கெட் கெடச்சிருச்சு." அடுப்படியில் நின்று குதித்தேன்.

ஞாயிறு காலை, நல்ல நேரம் முடிய அரைமணி இருக்கும்போது கோயில் வாசலில் கார் வந்து நின்றது. பெட்டி இல்லை, மூன்று நாள் அழுக்குச் சட்டை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மாமியார்தான் முதலில் குலவையிட்டார்.

ஆனால் மகள் அவனிடம் போகவில்லை. தொட்டாலே வீறிட்டாள். அவன் போன பிறகு பிறந்தவள், போனில் மட்டுமே மாமனைப் பார்த்தவள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

தம்பி புளியமரத்துக்குப் பின்னால் போனான். என் போனில் வீடியோ கால் வந்தது.

"மாமா" என்று அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். பேசிக்கொண்டே அவன் அவள் பின்னால் வந்து உட்கார்ந்தான். அவளை மெல்ல அவன் மடிக்கு நகர்த்தினேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஊசி இறங்கியது. கத்திக்கொண்டே போனை முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். "மாமா, வலிக்குது. நீ வா."

அவளை இறுக்கி அணைத்தபடி, தன் போனைப் பார்த்தே சொன்னான்: "வாரேன் தங்கம்."