முப்பத்தெட்டு விகலை தள்ளி நின்ற நட்சத்திரம்

ஐம்பதுகளின் நடுவில் நான் பதுளையில் நில அளவையாளனாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பூனாகலைக்கு மேலே ஒரு மொட்டைப் பாறையில் கூடாரம் அடித்து, நட்சத்திரங்களைக் கொண்டு அந்த இடத்தின் அகலக்கோட்டை, அதாவது அட்சரேகையை, கணிக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு நட்சத்திரம் உச்சத்துக்கு ஏறும்போது அதன் உயரத்தை அளந்து, கந்தோரில், அதாவது அலுவலகத்தில், தந்த பட்டியலில் வானத்தில் அதன் இடத்தைச் சொல்லும் எண்ணோடு சேர்த்தால் கணக்கு வந்துவிடும்.

நான் அளவுக் கருவியில் எண்களை வாசிக்க வாசிக்கக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியவர், பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த ஒரு கவ்வாத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பகலெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிய கையால் எண்களை முத்து முத்தாக எழுதுவார்.

ஏழு நட்சத்திரங்கள் பார்த்தோம். ஆறு ஒரே இடத்தைச் சொல்லின. ஏழாவது மட்டும் எங்கள் பாறையை முப்பத்தெட்டு விகலை வடக்கே தள்ளியது. விகலை என்பது ஒரு பாகையில் மூவாயிரத்தறுநூறில் ஒரு பங்கு; முப்பத்தெட்டு விகலை நிலத்தில் முக்கால் மைல். மூன்று நாள் பார்த்தும் அதே முப்பத்தெட்டு.

பதுளையில் மேலதிகாரி சிரித்தார். "பட்டியல் பெரிய ஆக்கள் போட்டது, ஐசே. உமக்குத்தான் கண் பிழைச்சிருக்கு. அதை அழிச்சுப்போட்டு மற்ற ஆறையும் அனுப்பும்."

தலை குனிந்து திரும்பினேன். கவ்வாத்துக்காரரிடம் சொன்னபோது அவர் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

"எதுக்குங்க அழிக்கணும்? கண்ணு தப்புன்னா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரியில்ல வரணும்? மூணு நாளும் ஒரே தப்பு வருமாங்க?"

மேலதிகாரியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். அன்றைக்கே கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். ஆறு நட்சத்திரங்களும் தந்த அகலக்கோட்டைச் சரியென்று வைத்து, அந்த ஏழாவது நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கவேண்டும் என்று கண்டுபிடித்துக் கந்தோருக்கு அனுப்பினேன்.

மேலதிகாரி கோபத்தோடு தானே மலையேறி வந்தார். மாலை ஏழரைக்குக் கருவியில் குனிந்தார். என்னைத் தொடவிடவில்லை. அவர் வாசிக்க, கவ்வாத்துக்காரர் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினார். நான் கணக்குப் போட்டேன்.

"முப்பத்தேழு, சேர்."

அவர் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுதினதிலை பிழை இல்லையே?"

"இல்லீங்கய்யா. ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனேனுங்க."

"அப்ப பட்டியல்தான் பிழை," என்றார். கொழும்புக்குக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. எங்கள் பட்டியல் ஒரு பழைய அட்டவணையிலிருந்து எடுத்தது. அந்த நட்சத்திரம் மற்றவற்றைவிட வேகமாக இடம் மாறுவது. வருடா வருடம் சேர்ந்த அந்த நகர்வை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. புதிய அட்டவணையில் உள்ள இடத்துக்கும் நாங்கள் அளந்ததற்கும் இரண்டே விகலை வித்தியாசம். எல்லாக் கந்தோர்களும் பட்டியலைத் திருத்தவேண்டும் என்று உத்தரவு.

கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே பூனாகலைக்குப் போனேன். லயத்து வாசலில் நின்று படித்துக் காட்டினேன்.

"அப்ப அது நகந்துக்கிட்டே இருக்குங்களா?"

"ஓம். ஆனா ஒருத்தற்றை கண்ணுக்கும் தெரியாது."

"நமக்குத் தெரிஞ்சிருச்சேங்க!" என்று அவர் கத்தினார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்து முடித்து நிமிர்ந்தபோது பாதி லயமே எங்களைச் சுற்றி நின்றது.