ரொட்டி வண்டியில் நிக்கனோரின் குரல்

எனக்கு நாய்களைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைப் பெரிய புண்ணியவதி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வால்தெசேக்காவிலும் சுற்றியிருக்கும் ஆறு ஊர்களிலும் முப்பது வருஷமாக ரொட்டி வண்டி ஓட்டுகிறேன். வண்டிக்குள் நாய் முடி கிடந்தால் எந்த மகராசி என்னிடம் ரொட்டி வாங்குவாள்? இதைக் கசில்தாவிடம் ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. அவள் காதில் ஏறினால்தானே.

கசில்தா எங்கள் ஊர்க் கறிக்கடையில் கறி வெட்டுகிறவள். அறுபதை நெருங்குகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காதில் ஒரு பென்சில், கையில் எப்போதும் பூண்டும் பன்றிக் கொழுப்பும் கலந்த வாசனை. ஜனவரியோடு இங்கே முயல் வேட்டை ஓய்ந்துவிடும். ஓடிக் களைத்த வேட்டைநாய்களைச் சில பேர் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். காட்டில் விட்டுவிட்டேன் என்பார்கள். விடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் உடையவன் யாரென்று காட்டும் அடையாளச் சில்லைக் கத்தியால் தோண்டி எடுத்துவிட்டுத்தான் விடுவார்கள். சிலது கிணற்றுக்குப் போகும். சிலது பைன் மரத்துக் கயிற்றுக்குப் போகும். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் செய்தவன் யாரென்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்து தொலைப்பான்.

அந்த நாய்களைத் தேடிப் பிடித்து, புண் ஆற்றி, பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் வீடு பார்த்து அனுப்பிவைப்பாள் கசில்தா. இருபது வருஷமாக இதே பைத்தியம். அங்கிருந்து போட்டோ வரும். சோபாவில் படுத்துக்கொண்டு, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, ஜமீன்தாரிணி மாதிரி ஒரு நாய் பார்க்கும். மதுக்கடையில் லெயோன்சியோ அதை வைத்தே அவளை வம்புக்கு இழுப்பான். அவனும் வேட்டைக்காரன்தான்.

“என்ன கசில்தாக்கா, சீமையில எனக்கும் ஒரு சோபா பாத்துக் குடேன். நானும் ஓடி ஓடிக் களைச்சிட்டேன்.”

“உன்ன எவடா எடுப்பா? வாயத் தொறந்து பல்லப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருவாங்க.”

நாய் பிடிப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. நாயைப் பார்க்கவே மாட்டாள். முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, தன் பாட்டுக்கு ரொட்டியும் கறியும் தின்றுகொண்டு, தோளுக்குப் பின்னால் துண்டு துண்டாகப் போடுவாள். மணிக்கணக்கில் அப்படியே இருப்பாள். பனியோ மழையோ கவலையில்லை. கடைசியில் பின்கழுத்தில் மூச்சு படும். அப்போதும் திரும்ப மாட்டாள். எனக்கென்றால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும்.

மோராவிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

மோரா புலிக்கோடு போட்ட கறுப்புப் பெட்டை. ரயில் நின்றுபோன பழைய நிறுத்தத்தின் இடிபாட்டில் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ கண்ணியில் மாட்டி அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, கழுத்தில் கம்பி. கசில்தா அங்கே ஒரு கேமராவைக் கட்டி வைத்திருந்தாள். படத்தைப் பார்த்த மிருக வைத்தியர், கம்பி சதைக்குள் இறங்கிவிட்டது, மூன்று நாளோ நான்கு நாளோ, அதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார். கூண்டு வைத்தாயிற்று. முதுகைக் காட்டி உட்கார்ந்தாயிற்று. நூறு அடிக்கு இந்தப் பக்கம் அது வரவே இல்லை.

அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. வைத்த சாப்பாட்டில் பாதியைத் தின்னும், பிறகு விலகி நின்றுகொள்ளும். அடுத்த பந்திக்கு இடம் விடுகிற மாதிரி. எல்லாப் படத்திலும் அப்படித்தான், பின்பக்கம் திரும்பி யாரையோ பார்த்துக்கொண்டு. பார்த்த பக்கம் ஒன்றும் இருக்காது. மிச்சச் சாப்பாடு காலையில் அப்படியே கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். ஏனென்று கேட்டால், “அங்க ஒண்ணு இல்ல, நெறைய நிக்குது” என்றான் ஒருவன். குடித்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

அது யாருடைய நாய் என்பது கசில்தாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடது காதில் அரைவட்டமாக ஒரு வெட்டு. எங்கள் ஊர் வேட்டைக்காரர் நிக்கனோரின் நாய். பிப்ரவரி இரண்டாம் தேதி, காலணியின் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் மோராவைத் தலவேராவில் இருக்கும் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மனைவி ஃபெலிசாவிடம் சொல்லியிருந்தார்.

இங்கே வேட்டைக்காரன் ஒவ்வொருவனுக்கும் தன் நாயை அழைக்க ஒரு கூப்பாடு உண்டு. நாய்த்திருடர்களுக்குப் பயந்து அதை யாருக்கும் சொல்லித்தர மாட்டான், பெற்ற பிள்ளைக்குக்கூட. நிக்கனோருடையது மூன்று விசிலும் கடைசியில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு கிரீச்சும். கசில்தா விசிலடித்துப் பார்த்தாள். நானும் அடித்துப் பார்த்தேன், எச்சில்தான் தெறித்தது. மோரா எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அந்தக் கூப்பாடு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. டிசம்பரில் வயலிலிருந்து நிக்கனோர் அனுப்பிய ஒரு குரல் செய்தி, ஃபெலிசாவின் போனில். துக்கம் கேட்கப் போனபோது அவள் சமையலறையில் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன், அந்த விசில் எனக்கும் லேசாகக் கேட்டது. என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் ஒளிக்கிற மாதிரி ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள். சொந்த மகளுக்குக்கூட அதைக் கேட்கக் கொடுக்கவில்லை.

“போய்க் கேக்கலாம்” என்றாள் கசில்தா.

“என்னன்னு கேப்பே? உன் புருஷன் நாயக் காட்டுல தொரத்திட்டாரு, அவரு கொரலக் கொஞ்சம் கடன் குடுன்னா? புருஷன் போய் மூணு வாரம்கூட முழுசா ஆகலடி. இருக்கிற ஒரே ஆறுதலையும் புடுங்கப் போறியா?”

“நாய் செத்துரும், பெனிதா.”

“நாய்தானே!” என்றேன். சொல்லக் கூடாதுதான். அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி சொருகிக்கொண்டாள். சரி, என் தலையெழுத்து என்று வண்டியை எடுத்தேன்.

ஃபெலிசாவிடம் கசில்தா கூசாமல் பொய் சொன்னாள். மோரா தலவேராவிலிருந்து தப்பித்து அவரைத் தேடி வந்திருக்கிறது, யார் கையிலும் சிக்க மாட்டேன் என்கிறது, அவர் குரல் கேட்டால் வரும். ஃபெலிசாவின் கண் நிறைந்துவிட்டது.

“அவரத் தேடியா? அவ்ளோ தூரமா? என் கண்ணே!” என்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “போன நான் கையவிட்டுத் தரமாட்டேன். நானே வர்றேன்” என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த ரயில் நிறுத்தத்துக்குப் போனோம். இந்தச் சமவெளியில் பிப்ரவரி மூடுபனி என்றால், நீட்டின கை தெரியாது. ஃபெலிசா கறுப்பு உடைக்கு மேல் நிக்கனோரின் கார்டுராய் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவைத்தேன். என் வண்டிக் கூரையில் ஒலிபெருக்கி இருக்கிறது, ரொட்டி வந்திருக்கு என்று கூவுவதற்கு. ஃபெலிசா போனை மைக்கில் வைத்தாள்.

“ஃபெலிசா, கடலைய அடுப்புல ஏத்திடு. இதோ வந்துட்டே இருக்கேன். காலெல்லாம் வெறச்சுப் போச்சு.” அப்புறம் மூன்று விசில், அந்தக் கிரீச். “வா வா வா, வாடி இங்க! வந்துட்டேன் ஃபெலிசா, வந்துட்டேன்னு வச்சுக்கோ.”

மாதாவே! புதைத்து இருபது நாளான மனுஷன், என் வண்டிக் கூரையிலிருந்து, அத்தனை பனியும் அதிரும்படி. தூரத்தில் ஆட்டு மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன, சட்டென்று அதுவும் நின்றுபோனது.

“இன்னொரு தடவ” என்றாள் கசில்தா. அவள் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது தடவையில் மோரா வந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் மூக்கு, பிறகு அந்தக் கழுத்து. அதன் நாற்றம் எனக்கு வண்டிக்குள் அடித்தது. கசில்தாவைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப்போய், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. சக்கரத்துக்கடியில் பார்த்தது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலைப் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தது. எனக்கு நாய்களைப் பிடிக்காது, ஆனாலும் கூரையிலிருந்து அந்த மனுஷனை இறக்கிக் கொடுக்கலாம் போலிருந்தது. ஃபெலிசா கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள். மோரா வந்து கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கசில்தா மெதுவாகத் தவழ்ந்து வந்து, புண்ணில் படாமல் இடுப்பில் சுருக்கை மாட்டினாள். அது உணரக்கூட இல்லை.

“அப்பாடா” என்றேன். “ஏத்துங்கடி, போலாம்.”

ஃபெலிசா நகரவில்லை. ரயில் நிறுத்தத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பலோமா” என்றாள். “அது பலோமாதானே? வெள்ளையா, மூக்குல மட்டும் மச்சம்.” பிறகு விரலை நீட்டி, “ரூபியாவும் நிக்கிறா” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பனி இருந்தது. பனிக்குள் வெளுப்பாக, குறுகலாக, நீள முகமாக ஏதோ இருந்த மாதிரி இருந்தது. காய்ந்த முட்செடியாகவும் இருக்கலாம். இரண்டு என்று எண்ணினேன், பிறகு மூன்று. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன். ஆனால் மோரா கோட்டிலிருந்து தலையை எடுத்து அதே பக்கம் பார்த்து வாலை ஆட்டியது.

“பலோமாவக் காசெரெஸ்ல ஒரு சிநேகிதருக்குக் குடுத்துட்டேன்னாரு. எங்க மக இனேஸ் கல்யாணத்தப்போ. அது ஆச்சு இருபது வருஷம்” என்று தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி சொன்னாள் ஃபெலிசா. “இருபது வருஷம் நாய் இருக்குமாடி, கசில்தா?”

கசில்தா முகத்தில் ஈயாடவில்லை. அவள் பனிப் பக்கம் திரும்பவே இல்லை, கவனித்தேன்.

“பலோமாவ நான்தான் பொதைச்சேன், ஃபெலிசா” என்றாள். “பைன் தோப்புல. கயிற நான்தான் அறுத்தேன். ரூபியாவக் கெணத்துலேருந்து எடுத்தேன். மோரா தலவேராவுக்குப் போகவே இல்ல. நான் பொய் சொன்னேன்.”

“எல்லாம் அவரா?”

“ஆமா.”

“இருபது வருஷமா எனக்குக் கறி வெட்டித் தந்துட்டு இருக்கே. தெனம் மூஞ்சியப் பாக்கிறோம். ஒரு நாளாவது வாயத் தொறந்தியாடி?”

“நீ அவரு கையப் புடிச்சிட்டுக் கடைக்கு வருவே. நான் எப்படிடி சொல்லுவேன்? முடிஞ்சதச் செஞ்சேன். பலோமாவுக்கு அப்புறம் கண்ணுல பட்ட ஒண்ணையும் விடல.”

இவள் ஏன் நாய் பின்னால் அலைகிறாள் என்று இருபது வருஷமாகக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஃபெலிசா அழவில்லை. “நீ பொதைச்சேன்னா” என்று அடங்கின குரலில் கேட்டாள், “அங்க நிக்கிறது யாருடி?”

ஃபெலிசா போனை அணைத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள். மைக்கைக் கையில் எடுத்தாள். அவள் மூச்சு அந்த வெளி முழுக்கக் கேட்டது.

“பலோமா. ரூபியா. சிஸ்பா” என்றாள். இன்னும் நாலைந்து பெயர் சொன்னாள், நான் கேள்விப்படாத பெயர்கள். “நான் ஃபெலிசா பேசுறேன். அவரு வரமாட்டாரு. செத்துப் போயிட்டாரு. அவரு கூப்பிட்டாலும் போகாதீங்க, கண்ணுங்களா. போதும். போய்ப் படுங்க.”

மோரா ஒரு முறை ஊளையிட்டது. அதன் பிறகு பனியில் அந்த வெளுப்பு இல்லை. எப்போது போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆட்டு மணிகள் மறுபடி கேட்க ஆரம்பித்தன. வண்டியை எடுத்தேன், இரண்டு தடவை இன்ஜின் அணைந்துவிட்டது.

மோரா பிழைத்துக்கொண்டது. கழுத்தில் பதினேழு தையல். புண் ஆறுகிற வரைக்கும் ஃபெலிசா தினமும் கசில்தா வீட்டுக்கு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கசில்தாவோடு முதல் வாரம் பேசவில்லை. இரண்டாவது வாரம், கறி கொழுப்பாக இருக்கிறது என்று கடையில் சண்டை போட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள், மோரா ஃபெலிசாவோடுதான் போகும் என்று. தனியாக இருக்கிறாள், துணையாக இருக்கும். நானே ஒரு பழைய கம்பளியைத் துவைத்து எடுத்துவைத்திருந்தேன். ஏப்ரல் மாதம் பெல்ஜியத்திலிருந்து நாய்களை ஏற்றிப்போக வண்டி வருகிற வாரம் கசில்தா கேட்டாள்.

“கூட்டிட்டுப் போடி. அது உன்னத்தான் தேடுது.”

ஃபெலிசா மோராவின் வெட்டுப்பட்ட காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“வேணாம், கசில்தா. சீமைக்கே அனுப்பிடு. என் வீட்டுல எல்லாத்துலயும் அவரு வாசனை அடிக்குது. அங்க வந்தா இதுவும் வாசலப் பாத்துட்டு ஒக்காந்துரும்” என்றாள். “அந்த வாசலப் பாத்துட்டு ஒக்கார நான் ஒருத்தி போதும்.”