தயிர்க்கார ஆயாவுக்காக அம்மா அழுதது

எங்கள் பெரியப்பாவும் மாமாவும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஏழு வயது வரைக்கும் நான் பார்த்ததில்லை.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கோட்டுக்கு உள்ளே கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், கோட்டுப் பையில் செபமாலை. தபசு காலத்தில் மற்றவர்கள் கறியை விடுவார்கள், அவர் மீனையும் விட்டுவிடுவார். மாமா, அம்மாவின் தம்பி. பஞ்சாலையில் வேலை. ஒருநாள் உத்தரியத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், அதோடு கோயிலையும் விட்டுவிட்டார். பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆட்டுக்கறி வாங்கிவந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்ட புண்ணியவான். அப்பா சைகோனில் உத்தியோகத்தில் இருந்ததால் உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வது இவர்கள் இருவர் பொறுப்பு. அதாவது, சண்டை எங்கள் வீட்டில்தான்.

"ஆண்டவரே இல்லேன்றவனுக்கு இந்த வீட்ல எதுக்குக் காப்பி?" என்பார் பெரியப்பா, சுவரைப் பார்த்து.

"காப்பி எங்க அக்கா போட்டது. ஒங்க ஆண்டவரா வந்து போட்டாரு?" என்பார் மாமா, டம்ளரைப் பார்த்து.

அம்மா இரண்டு பேருக்கும் இன்னொரு டம்ளர் ஊற்றுவாள். ஒருவர் வேண்டாம் என்றதை மற்றவர் வேண்டும் என்பார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் அவள் தன் காரியங்களை நடத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் காது குத்தியதுகூட அப்படித்தான்.

எனக்கு ஏழு வயதான வருஷம் மழைக்காலத்தில் என் தம்பி செத்துப்போனான். இன்னும் குப்புற விழக்கூடப் பழகாத குழந்தை. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, விடியும்போது அம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டியபோது பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

"யாரும் அழக்கூடாது. ஞானஸ்நானம் வாங்கின புள்ள. நேரா மோட்சத்துக்குப் போயி றெக்க மொளச்ச சம்மனசாயிடுச்சி. இதுக்கு அழுதா ஆண்டவருக்குச் செய்ற துரோகம்மா அது."

பெண்கள் தயங்கி நின்றார்கள். அம்மா வாயைத் திறந்தபடியே பெரியப்பாவைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

ஆலையிலிருந்து மாமா ஓடிவந்தார். அவர் நிலைப்படியில் கால் வைத்ததும் அம்மாவின் முகம் அவர் பக்கம் திரும்பிய விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பெரியப்பா எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறவர் ஆயிற்றே மாமா. அழு அக்கா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாமா அவள் தலையில் கை வைத்தார். "அழாதக்கா. செத்தவங்களுக்குக் காது கேக்குமா? ஒப்பாரி வைக்கிறதெல்லாம் மூடத்தனம். புத்தியுள்ளவங்க அழமாட்டாங்க."

பெரியப்பா ஆச்சரியத்தோடு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஒண்ணுல மாப்ள சொல்றது சரி" என்றார். அவர் மாமாவை மாப்ள என்று கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

உலகம் உருண்டை என்கிறார்கள். கிழக்கே போனவரும் மேற்கே போனவரும் சுற்றி வந்து கடைசியில் ஓரிடத்தில் முட்டிக்கொண்டார்கள். அந்த இடத்தில் என் அம்மா குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பிக்குத் தலையில் பூமுடி வைத்து, வெள்ளைப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். சாமியார் வெள்ளை உடுப்பில் வந்தார். சின்னக் குழந்தை என்பதால் துக்க மணி கிடையாது, திருநாள் மணியே அடித்தார்கள். எனக்குப் பூக்கூடை கொடுத்தார்கள், வழியெல்லாம் தூவிக்கொண்டு போனேன். யாரோ பெப்பர்மிண்டும் கொடுத்தார்கள். நல்ல நாளாகத்தான் இருந்தது.

அன்று இராத்திரி இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புனிதர்கள் கதை சொல்லும் அர்ச்சியசிஷ்டர் சரித்திரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தும் கண்கலங்காத ஒரு தாயைப் பற்றிப் பெரியப்பா படித்துக் காட்டினார். மாமா தன் மடியிலிருந்த சிறு புத்தகத்தை எடுத்து, மகன் செத்த சேதி வந்தும் சாப்பாட்டை நிறுத்தாத ஏதோ ஒரு தேசத்து அறிஞனைப் பற்றிப் படித்தார். "அட, இதேதான்யா!" என்று பெரியப்பா தொடையில் தட்டினார். புத்தகங்களை மாற்றிக்கொண்டார்கள். இருவரையும் ராசியாக்கியதுதான் எங்கள் வீட்டுச் சம்மனசு செய்த முதல் அற்புதம், முதல் புதுமை என்று பெரியப்பா எல்லோரிடமும் சொன்னார். புதுமையில் நம்பிக்கை இல்லாத மாமாவும் அதை மறுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் சண்டை ஓய்ந்ததே.

அம்மா அழவில்லை. எப்பேர்ப்பட்ட மனசு என்று தெருவே மெச்சியது. பக்கத்து வீட்டு அக்கா மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து அவள் மாரில் வைத்துக் கட்டிவிட்டாள். பூவைத் தலையில்தானே வைப்பார்கள் என்று கேட்டேன். பால் வற்றுவதற்கு என்று அந்த அக்கா சொன்னாள். தம்பிதான் இல்லையே, பால் இருந்தால் என்ன, வற்றினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அம்மா அடுப்பில் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்து உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால், "ம்" என்பாள்.

ஒருநாள் காலையில் தயிர் வரவில்லை. சாரம் கிராமத்திலிருந்து தயிர் கொண்டுவரும் ஆயா இராத்திரி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மோர்க்காரி சொன்னாள். அம்மா எழுந்தாள். முந்தானையைத் தலையில் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உப்பளத்திலிருந்து சாரம் கிட்டவா இருக்கிறது? அம்மா வழியில் எங்கும் நிற்கவில்லை. எனக்குக் கால் வலித்தது, அழுதேன். என்னை மட்டும் யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

ஆயா வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா அந்த வட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்களின் தோளில் கைகளைப் போட்டாள். பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தில் எனக்குப் பயமே வந்துவிட்டது.

"கட்டின பாலு காயலியே... எங்கண்ணு, நீ கண்ணு தொறந்து பாக்கலியே..."

அம்மாவுக்குக் கோளாறாகிவிட்டது என்று நினைத்தேன். முதுகைத் தொட்டு, "அம்மா, செத்துப்போனது ஆயாம்மா" என்றேன். அவள் காதில் விழவில்லை. வட்டத்திலிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயாவுக்குப் பாடிக்கொண்டிருந்தவள் பாட்டை நிறுத்தி, தொட்டிலையும் கிலுகிலுப்பையையும் வைத்துப் புதிதாகப் பாட ஆரம்பித்தாள். எல்லோரும் அந்தப் பாட்டுக்கே அழுதார்கள். உள்ளே ஆயா மாலையும் விபூதியுமாகப் பொறுமையாகப் படுத்திருந்தாள்.

வெயில் ஏறியபோது ஆள் தள்ளும் புஷ்வண்டி ஒன்று தெருமுனையில் நின்றது. பெரியப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அஞ்ஞான சடங்குல போயி ஒக்காந்திருக்கியே, எழுந்து வாம்மா" என்றார் பெரியப்பா.

"மூடச் சடங்கு இது. வாக்கா" என்றார் மாமா.

ஆயாவின் மருமகள் தலைவிரி கோலமாக எழுந்து வந்தாள். "எங்க வூட்டு எழவுக்கு வந்தவங்கள நடுவுல கூட்டிக்கினு போவக் கூடாது சாமி. அழுது முடிச்சிட்டு வரட்டும். போங்க, அந்த நெழல்ல நில்லுங்க" என்றாள்.

இரண்டு பேரும் போய் ஒரே வேப்பமரத்தடியில் நின்றார்கள். மாமா துண்டால் முகத்தை அடிக்கடி துடைத்துக்கொண்டார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

திரும்பும்போது அம்மாவையும் என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டு இருவரும் பின்னால் நடந்து வந்தார்கள். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. "ஆயாவுக்காம்மா இவ்ளோ அழுத?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நல்லாத் தயிர் குடுக்கும்டி அந்த ஆயா" என்றாள்.

அதை நம்பினேன். அம்மாவுக்குத் தயிர் என்றால் அவ்வளவு பிரியம் என்று, எனக்கு ஒரு குழந்தை பிறந்து இறக்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.